பன்னிரண்டாவது குச்சி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். சாத்தூரில் இரண்டு நாளாக நல்ல மழை.

சேவு பார்சல் போட்டிருக்கிறேன். கட்டி முடித்த பிறகுதான் அம்மா திட்டினாள், பாப்பா எப்படி மெல்லுவாள் என்று. பிரித்து, பாதியை நொறுக்கிப் போட்டேன். மோர்ச்சோற்றுக்கு ஆகும்.

தழும்பு இழுத்து வாய் சுருங்கிவிடாமல் குச்சி வைக்கிறாயா? போன தடவை வந்தபோது ஐஸ் குச்சி பதினொன்று போனது. அத்தனையையும் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் அடுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பன்னிரண்டாவதை நீட்டியதும் முறைத்தாயே, அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும். எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் உதட்டோரத்தை இழுத்து விடு. ஆ, ஈ, ஊ பத்துப் பத்துத் தடவை. விடாதே.

நீ கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதை டீக்கடையில் சொல்லாத நாளில்லை. ஆபீஸில் அத்தனை பேரோடு பேசுகிறவளுக்கு வீட்டுக்கு ஒரு போன் போட முடியவில்லையா? வேலை அதிகம் போல, மெசேஜ்தான் வருகிறது. சரி. அம்மாதான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கல்யாண வீட்டில் சித்தி கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உதடு ஒட்டினால்தான் ப-வும் ம-வும் வரும், அதற்கு நாளாகும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னாரே. நீ கூப்பிடும்போது 'அஃபா' என்று காற்றாகத்தான் வருகிறது. எனக்கு அது போதும். குச்சி வை.

இன்னொன்று. ராத்திரியிலும் வாயில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொன்ன, வாயை விரித்துப் பிடிக்கும் அந்தக் கிளிப். மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம், இனி வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன்னிடம் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. தழும்பு ஒரு வருஷத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டே இருக்கும், சாப்பிடவும் பல் துலக்கவும் தவிரக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தார். நீ தூக்கத்தில் முனகியதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கழுவித் துடைத்து, பீரோவில் என் வேட்டிக்கு அடியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து மாட்டிப் பார்த்தால் உள்ளே போகவில்லை. டாக்டர் கேட்டபோது, நீ வெளியே பெஞ்சில் இருந்தாய், 'பிள்ளை ஒழுங்காகப் போடுவதில்லை' என்றேன். உள்ளே வந்ததும் அவர் உன்னைத் திட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் காலண்டரைப் பார்த்தேன்.

அன்றைக்கே உனக்குத் தெரியும். இத்தனை நாள் நீயும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

கழுத்துத் தழும்பை முதலில் எடுத்துவிட்டால் கீழுதடு கொஞ்சம் மேலே வரும், வாயோரத்தை அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கட்டுமா? ஒரு வரி மெசேஜ் போடு. போட்டால் போதும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சேவுக்கு அடியில் ஐஸ் குச்சி ஒரு கட்டு இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதே.