அம்மாவின் பாட்டை இடையில் வெட்டியது பற்றி

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.
2025 மாசி 9

நிகழ்ச்சிப் பணிப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: ஞாயிறு மாலைக் கிராமிய நிகழ்ச்சி பற்றிய முறைப்பாடு

ஐயா,

வணக்கம். நான் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் வயல் செய்பவன். உங்கள் ஞாயிறு மாலை நிகழ்ச்சியை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். முன்னரும் உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அவை எல்லாம் பாராட்டு. முறைப்பாடு என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத மனம் வராமல் நாலு கிழமை தள்ளிப் போட்டுவிட்டுத்தான் இன்றைக்குப் பேனையை எடுத்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடந்த தை (ஜனவரி) 12ஆம் திகதி, பொங்கலுக்கு முந்திய ஞாயிறு. காலபோக (மழைக்காலப் போக) நெல் முற்றி நின்ற நேரம். பொழுதுபட்டால் யானை வரும், பன்றி வரும் என்பதால் வெள்ளத்துக்குத் தப்பிய பயிருக்கு இரவிரவாகக் காவல் இருக்க வேண்டியிருந்தது. காவல் கொட்டிலின் கப்பில் றேடியோவைக் கொளுவிவிட்டுத் தேத்தண்ணிக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். "பொங்கல் சிறப்பாக ஒரு பழைய பாட்டு, யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் பாடுகிறார்" என்று உங்கள் அறிவிப்பாளர் தம்பி சொன்னார். மெஷின் தாளம் ஒன்று அடிக்கத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

நான் எழும்பி நின்றுவிட்டேன். இரண்டு அடி பாடி முடியவில்லை, தம்பி குறுக்கே வந்து "சூப்பர்!" என்றார். மூன்றாவது அடியின் பாதியில் வெட்டி, தவணைக் கடன் விளம்பரம் போட்டீர்கள். விளம்பரம் முடியட்டும், பாட்டு திரும்ப வரும் என்று றேடியோவுக்குக் கிட்டே காதை வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சினிமாப் பாட்டு வந்தது. அடுப்பு அணைந்துபோனதைக்கூட நான் பிறகுதான் கண்டேன்.

அந்தப் பாட்டு எப்படி உங்களிடம் வந்தது என்று இப்போது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். யுத்தத்தால் மூடிக் கிடந்த ஏ9 பாதையை 2002இல் திறந்தார்கள். அடுத்த வருடம் மாசி மாதம், அருவி வெட்டு (நெல் அறுவடை) நேரம், உங்கள் நிலையத்து வான் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. அப்போது நிகழ்ச்சி செய்தவர் வயதான ஒரு அறிவிப்பாளர். வந்தவர் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் அருவி வெட்டுப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்டார். அம்மா மாட்டேன் என்றார். "வயலுக்குள்ள நிண்டாத்தான் ஐயா எனக்குப் பாட்டு வரும். இதில குந்தியிருந்தா ஒண்டும் வராது" என்றார். வேறு யாரும் என்றால் சரி என்று வானில் ஏறியிருப்பார்கள். அந்த ஐயா சப்பாத்தைக் கழற்றி வைத்தார், காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்தார், மைக்கைப் பிடித்துக்கொண்டு வரம்பால் நடந்து வயலுக்குள் இறங்கினார். அம்மா குனிந்து கதிரை வெட்டிக்கொண்டே பாடினார். வெட்டுகிற சத்தமும் பாட்டோடு சேர்ந்து பதிவானது. பாடி முடித்து நிமிர்ந்து, "பிள்ளை, ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வா" என்று என் தங்கச்சியைக் கூப்பிட்டார். அதையும் வெட்டாமல் போட்டார்கள். இரண்டு கிழமை கழித்து ஒலிபரப்பானபோது ஊரே கூடியிருந்து கேட்டது. தங்கச்சிக்கு ஒரு வருடத்துக்கு "தண்ணி கொண்டு வா" என்பதே பட்டப்பெயராக இருந்தது.

2009 பங்குனியில் அம்மா போய்விட்டார். வன்னியில் அந்த வருடத்தைச் சொன்னால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. இடம் மாறி இடம் மாறிப் போனதில் அல்பம் எந்தப் பங்கருக்குள் விடுபட்டது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அந்தப் பதிவும் எப்போதோ அழிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது பத்திரமாக இருக்கிறது என்று தை 12ஆம் திகதிதான் தெரிந்துகொண்டேன்.

ஐயா, இந்த ஒரு நாள் கோபத்தில் மட்டும் இதை எழுதவில்லை. இது கொஞ்சம் கொஞ்சமாக வந்த சலிப்பு. உங்கள் நிகழ்ச்சியை நாங்கள் எப்படிக் கேட்டோம் என்று தெரிந்தால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

95ஆம் ஆண்டு எனக்குப் பதினைந்து வயது. கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். அதுவும் செத்த பிறகு சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை அலுத்தால் பேசுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோலச் சிறுத்துப் போகும். "தம்பி, சுத்தடா, சுத்தடா" என்று பெரியவர்கள் கத்துவார்கள். முற்றத்தில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று எரியும். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்த சனமும் வந்து குந்திவிடும். இரவில் பிபிசி தமிழோசைக்குச் சுற்றுவேன். ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்குச் சுற்றுவேன். பெடல் பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் காய்ப்பு விழுந்திருந்தது.

அப்படிச் சுற்றிக் கேட்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது? அந்த ஐயா ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிரில் இருப்பது ஒரு மீன்பிடிகாரராக இருக்கலாம், பனங்கட்டி காய்ச்சுகிற ஆச்சியாக இருக்கலாம். அவர் யோசிக்கிற நேரத்தில் கிணற்றுத் துலா ஏறி இறங்குகிற சத்தமோ, ஒரு சேவலோ கேட்கும். பிறகுதான் பதில் வரும். நிகழ்ச்சி தொடங்குகிற சத்தமும் வாரத்துக்கு வாரம் மாறும். எந்த ஊரோ அந்த ஊரின் சத்தம். ஒருமுறை மாட்டு மணி. ஒருமுறை வைகாசி விசாகத்தில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனத்தின் இரைச்சல். அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற வழக்கத்தை, அதற்குத் தீர்த்தம் எடுக்கப் போகிறவர்களிடமே கேட்டுச் சொன்னார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம்தான். ஆனாலும் அதை றேடியோவில் கேட்டபோது எங்களுக்குப் புதிதாக இருந்தது.

இப்போது தொடங்குகிற சத்தம் வருடக்கணக்காக ஒன்றுதான். அறிவிப்பாளர் நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. தொலைபேசி எடுக்கிறவரிடம் "சாப்பிட்டாச்சா? என்ன பாட்டு வேணும்? யாருக்கு?" இவ்வளவுதான் கேள்வி. ஒருநாள் நெடுங்கேணிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் எடுத்தார். "தம்பி, யானை வந்து நேற்று முழு வயலையும்..." என்று தொடங்கினார். "ஐயோ, கவலையை விடுங்கோ, ஒரு ஜாலியான பாட்டுக் கேட்பமா?" என்று தம்பி அவரை முடித்துவிட்டார். அந்த மனிதர் "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் "சரி" இன்னும் என் காதில் நிற்கிறது.

2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள். யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளடித்து நின்றது. சேதனப் பசளையை எப்படிச் செய்வது, எவ்வளவு போடுவது என்று கேட்க ஆளில்லாமல் நாங்கள் கமநல சேவை நிலைய வாசலில் நின்றோம். அந்தப் போகம் முழுக்க ஒரு விவசாய உத்தியோகத்தரைக்கூட நீங்கள் அழைத்துப் பேச வைக்கவில்லை. கிராமிய நிகழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு எப்படி அது உங்களால் முடிந்தது? போன கார்த்திகைக் கடைசியில் பெருமழை பெய்தது. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன, வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன. மார்கழி முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. எந்தப் பாதை திறந்திருக்கிறது, அழிவை எங்கே பதிய வேண்டும் என்று இரண்டு வார்த்தை வரும் என்று இருந்தேன். அன்றைக்கு ஒரு மணித்தியாலமும் பிறந்தநாள் வாழ்த்து.

விளம்பரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வானொலி நடத்தக் காசு வேண்டும், அது எனக்கு விளங்கும். ஆனால் கடன் விளம்பரத்தை இந்த நிகழ்ச்சிக்குள் போடாதீர்கள். நுண்கடன் எடுத்த பெண்கள் கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு தேடி அலைவதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி கடன்காரர் வருகிற நாளில் கதவைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு பின்வளவில் போய் இருக்கிறாள். நம்பிக் கேட்ட குரலில் "இலகு கடன், இன்றே வாருங்கள்" என்று சொன்னால் சனம் நம்பும்.

பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என் மகனும் அதைத்தான் சொல்கிறான். காவல் கொட்டிலில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. றேடியோ ஒன்றுதான் எடுபடும். எங்கள் பெரியப்பாவுக்குக் கண் தெரியாது, அவருக்கும் றேடியோதான். ஆனால் அதுவும் முழுக் காரணம் இல்லை. இந்த வாரமாவது பழையபடி ஏதும் வருமா என்று பார்க்கிறேன். தமிழோசை 2017 சித்திரை 30ஆம் திகதி சிற்றலையில் கடைசியாக ஒலித்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. சொந்தத்தில் ஒருவர் போனதுபோல இருந்தது. உங்கள் நிகழ்ச்சி நாளைக்கு நின்றால் அப்படி இருக்குமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்காது. அதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

இந்த நாட்டில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 மார்கழியில். வருகிற மார்கழியோடு நூறு வருடம். அதற்கென்று நீங்களும் ஏதாவது செய்வீர்கள். அப்படிச் செய்வதென்றால் களஞ்சியத்தில் கிடக்கிற பழைய நாடாக்களை எடுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் பாடினார்கள் என்று பெட்டியில் அந்த ஐயா நிச்சயம் எழுதி வைத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர். அந்தப் பெயரையும் ஊரையும் சொல்லி, தாளம் கீளம் சேர்க்காமல், முழுதாகப் போடுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து இங்கேயே வெட்டி விதைத்த ஒரு மனுசியை யாழ்ப்பாணத்துப் பாட்டி என்று சொன்னதை அடுத்த ஞாயிறு திருத்திச் சொல்லுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது வெளியே வாருங்கள். ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். மாசி முடியும்வரை எங்கள் பக்கம் வெட்டு நடக்கும். இப்போது பெரும்பாலும் மெஷின் வெட்டுத்தான், ஆனால் ஈரம் காயாத தாழ்ந்த வயல்களில் இன்னும் கையால் வெட்டுகிறோம். பாட்டுத் தெரிந்த இரண்டு ஆச்சிமார் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வருகிற தம்பி அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தால் போதும். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்.

கடைசியாக, அம்மாவின் பதிவின் பிரதி ஒன்று எங்களுக்கு வேண்டும். என்ன கட்டணமோ கட்டுகிறேன். நாளையும் நேரத்தையும் அறிவித்தால் நானே பென் டிரைவோடு வந்து வாங்கிக்கொள்வேன். வெட்டாத பதிவைத் தாருங்கள். பாட்டு முடிந்த இடத்தில் நிறுத்திவிடாமல், தங்கச்சியிடம் தண்ணி கேட்கிற இடம் வரைக்கும் வேண்டும். தங்கச்சி இப்போது வவுனியாவில் இருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் நேயர் ஒருவர்
(பெயரும் விலாசமும் உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்)