முதல் ஒப்பந்தம்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த ஆட்டப் பதிவுகளும் வந்து சேர்ந்தன. உங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி, கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகக் குழுமம்) போட்டியின் அரையிறுதியில் தோற்று வெளியேறியதை இங்கிருந்தே நள்ளிரவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே எழுதியிருக்க வேண்டும்; எங்கள் சீசன் அப்போது முடியாததால் தள்ளிப்போனது. இந்த ஆண்டும் ஐரோப்பாவில் எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனிலேயே நிற்கிறது. எதிரணிகளின் ஆட்டத்தைப் படித்துக் குறிப்பெழுதுவதும், கோடையில் புதிய ஆட்டக்காரர்களைத் தேடுவதுமாக என் வேலையும் அப்படியே தொடர்கிறது. நீங்கள் கல்லூரிப் பயிற்சியாளராக அங்கே வளர்த்து அனுப்புகிறவர்களை இங்கே வாசலில் நின்று வரவேற்கும் இடத்தில் நான் இருப்பதால், நான்கு ஆண்டுகள் ஆடி முடித்த உங்கள் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன்) இனி வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடப் போகலாமா என்று நீங்கள் கேட்டதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அவனிடம் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் 350-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆடவர் பிரிவில் மட்டும் ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் ஆடுகிறார்கள். அமெரிக்காவின் தலையாய தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து அதிகபட்சம் 60 இடங்கள்தாம். அவற்றிலும் ஒரு பகுதி பிற நாட்டு இளைஞர்களுக்கும், கல்லூரியில் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கும் போய்விடுகிறது. நான்காண்டு முழுவதும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் உழைத்த 22 வயதுக்காரனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. அவன் திறமையற்றவன் என்று இதற்குப் பொருளில்லை. வெளிநாட்டு லீக்குகளை ‘என்பிஏ கிடைக்காதவர்கள் போகும் இடம்’ என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள்தாம் இங்கே முதலில் உடைந்துபோகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால், இதை அவன் புறப்படும் முன்பே உணர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கைல் ஹைன்ஸின் வாழ்க்கையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வடக்கு கரோலைனா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ கிளையில் ஆடிய அவரை 2008 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. இரண்டு மீட்டரைக்கூட எட்டாத உயரம். ஆடியதோ கூடைக்கு அடியில், சென்டராக. இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் வெரோலி என்ற அணியில் இரண்டு ஆண்டுகள், பிறகு ஜெர்மனியின் பாம்பெர்க்கில் ஓராண்டு என்று படிப்படியாக ஏறி, 2011-ல் கிரேக்க நாட்டின் ஒலிம்பியாகோஸை அடைந்தார். அங்கே 2012, 2013 என அடுத்தடுத்து, ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான யூரோலீக்கின் பட்டம். பின்னர் சிஎஸ்கேஏ மாஸ்கோவுடன் 2016-லும் 2019-லும் மீண்டும் பட்டம். எதிரணியின் கார்டுகளையும் சென்டர்களையும் ஒரே ஆட்டத்தில் மாறி மாறித் தடுக்கும் அவருடைய கால் வேகத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் பலர் உயரத்தைப் பற்றிய தங்கள் எண்ணத்தையே மாற்றிக்கொண்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் மாணவன் கார்டு என்பதால் மைக் ஜேம்ஸையும் குறிப்பிடுகிறேன்: டெக்சஸின் லமார் பல்கலைக்கழகத்திலிருந்து 2012-ல் யாரும் எடுக்காமல் வெளியே வந்தவர், குரோஷியாவில் தொடங்கி, 2024-ல் யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவராக உயர்ந்தார். இருவருமே முதல் ஆண்டில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளுக்குப் போகவில்லை.

இந்தப் பாதை புதிதும் அல்ல. பிரின்ஸ்டனின் நட்சத்திரமாக இருந்த பில் பிராட்லி, 1965-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனபோது அங்கிருந்தே இத்தாலியின் மிலான் அணிக்குச் சென்று ஆடி, 1966-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற பிறகுதான் என்பிஏவின் நியூயார்க் நிக்ஸில் சேர்ந்தார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மார்ச்சில் கல்லூரி சீசன் முடிகிறது. ஏப்ரலில் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில், இறுதியாண்டு ஆட்டக்காரர்கள் 64 பேரை மட்டும் அழைத்து ஒரு போட்டி நடக்கிறது. திறமையாளர்களைத் தேடி வரும் என்பிஏ ஸ்கவுட்டுகளோடு வெளிநாட்டு கிளப்புகளின் ஆட்களும் அங்கே வருவார்கள். அழைப்பு வந்தால் தயங்காமல் போகச் சொல்லுங்கள். ஜூனில் டிராஃப்ட், ஜூலையில் என்பிஏ அணிகள் புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் சம்மர் லீக், ஆகஸ்டில் ஐரோப்பிய அணிகளின் பயிற்சி முகாம். இந்த வரிசையில்தான் பலர் வழி தவறுகிறார்கள். என்பிஏ அணி ஒன்று இலையுதிர்கால முகாமுக்கு அழைக்கும் என்று செப்டம்பர் வரை காத்திருப்பவனுக்கு, அதற்குள் இங்குள்ள நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டிருக்கும். என்பிஏவுக்குக் கீழே உள்ள வளர்ச்சி லீக்கான ஜி லீக் ஒரு நல்ல பள்ளிதான். ஆனால் ஒரு சீசனுக்கு ஏறத்தாழ 40,000 டாலர் ஊதியத்தில், மேலிருந்து அழைப்பு வருமா என்று ஒவ்வொரு இரவும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். உங்கள் மாணவனின் ஆட்டத்துக்கு, தினமும் பந்தைக் கையில் கொடுத்து ‘அணியை நடத்து’ என்று சொல்லும் ஓர் இடம்தான் தேவை.

அவனுடைய பதிவுகளை எங்கள் தலைமைப் பயிற்சியாளருடன் உட்கார்ந்து முழுமையாகப் பார்த்தேன். நல்ல கூடைகளை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்பை நாங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு முழு ஆட்டங்களைத்தான் எடுத்துக்கொண்டோம். எல்லாக் கிளப்புகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் பார்ப்பார்கள். ஓர் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், நடுக்கோட்டருகே இருவர் சேர்ந்து அவனை மடக்கிப் பந்தைப் பறித்துவிடுகிறார்கள். பறிகொடுத்த மறுகணமே அவன் திரும்பி ஓடி, எதிரணிக்காரன் கூடையை எட்டுவதற்கு முன் அவனை மூலைக்குத் தள்ளிவிடுகிறான். அந்த ஓட்டத்திலேயே ஒரு கையை நீட்டி, தன் அணிச் சென்டர் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிறான். பயிற்சியாளர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் தெரிந்தது. ஸ்கிரீனுக்குப் பிறகு (அதாவது அணித்தோழன் ஒருவன் குறுக்கே நின்று தடுப்பவனை மறித்த பிறகு) எதிரணியின் உயரமானவன் அவனைத் தடுக்க மாறி வரும்போது, பந்தைத் தட்டிக்கொண்டே நெடுநேரம் நின்றுவிடுகிறான். ஷாட் கிளாக், அதாவது கூடைக்கு எறிய ஓர் அணிக்கு உள்ள நேரம், 30 நொடியாக இருக்கும் கல்லூரி ஆட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. சர்வதேச விதிப்படி 24 நொடிதான். எறிந்து தவறிய பந்தை (ரீபவுண்டை) தாக்கும் அணியே எடுத்துவிட்டால் 14 நொடிதான். அந்த ஆறு நொடிக் குறைவில் அவன் பழக்கம் முழுவதும் மாறியாக வேண்டும்.

மற்ற வேறுபாடுகள் சிறியவை. மூன்று புள்ளிக் கோடு 2019 முதல் கல்லூரி ஆடவர் ஆட்டத்திலும் சர்வதேச அளவுக்கே வந்துவிட்டதால் தூரத்தில் மாற்றமில்லை. இருபது நிமிடப் பாதிகளுக்குப் பதிலாகப் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள் இருக்கும். டைம் அவுட்டை ஆட்டக்காரன் கேட்க முடியாது, பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும். வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை அது மேலே இருக்கும்போதே யாரும் தட்டிவிடலாம்.

விதிகளைவிட அவனை அதிகம் உலுக்கப்போவது வேறொன்று. அமெரிக்காவில் எந்த அணியும் டிவிஷன் இறங்குவதில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான லீக்குகளிலோ கடைசி இடத்தில் முடிக்கும் அணி கீழ் டிவிஷனுக்குப் போகிறது. அதோடு ஸ்பான்சர்களும் வருமானமும் போய்விடக்கூடும். அதனால் தொடர்ந்து மூன்று நான்கு தோல்விகள் வந்தால் முதலில் கேள்வி எழுவது வெளிநாட்டு ஆட்டக்காரனைப் பற்றித்தான். அவனுக்குக் கிடைப்பதே அளவிட்டுத் தரப்பட்ட இடம்: ஜெர்மனியின் முதல் டிவிஷனில் பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஆறு பேர் ஜெர்மானியராக இருந்தாக வேண்டும், தென் கொரியாவில் 2018-19 சீசனில் வெளிநாட்டவர் இருவரில் ஒருவர் 200 சென்டிமீட்டரையும் மற்றவர் 186 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்று உயரத்துக்கே வரம்பு வைத்தார்கள். முந்தைய சீசனில் அங்கே அதிகப் புள்ளிகள் எடுத்த டேவிட் சைமன், இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்ததால் வெளியேற நேர்ந்தது. நல்லவேளையாக அடுத்த ஆண்டே அந்த விதியை நீக்கிவிட்டார்கள். கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்குப் பழகிக்கொள்ளக் காலம் கொடுப்பீர்கள். இங்கே வந்து இறங்கியவனிடம் முதல் வாரத்திலேயே வெற்றியை எதிர்பார்ப்பார்கள். இதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தெரிந்து வருகிறவன் தாங்கிக்கொள்கிறான்.

ஆகவே முதல் ஒப்பந்தத்தைப் பற்றி என் கருத்து இதுதான்: தொகையைக் கடைசியில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பயிற்சியாளர் இதற்கு முன் கல்லூரியிலிருந்து நேராக வந்த கார்டுகளுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார், அவர்கள் அடுத்த ஆண்டு எந்த லீக்குக்குப் போனார்கள், கிளப் ஊதியத்தை ஒழுங்காகத் தந்ததா என்ற மூன்றையும் விசாரித்த பிறகே தொகைக்கு வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஏஜென்டின் பதில் மட்டும் போதாது. அங்கே ஆடிவிட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். பெரிய தொகை பேசி அழைத்துச்சென்று, பெஞ்சில் உட்கார வைத்து, புத்தாண்டுக்குள் திருப்பி அனுப்பப்பட்டவனின் பதிவை அடுத்த கோடையில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சிறிய ஊரில், குறைந்த ஊதியத்தில், ஆட்டத்துக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் ஆடியவனுக்கு அந்தச் சீசனின் முழுப் பதிவும் கையில் இருக்கும். அவனுடைய இரண்டாவது, மூன்றாவது ஒப்பந்தங்களை அந்தப் பதிவுதான் எழுதுகிறது.

ஒப்பந்தத்தில் ஊதியத்தைப் பெரும்பாலும் வரி போக நிகரத் தொகையாகக் குறிப்பிடுவார்கள். தங்குமிடம், பல இடங்களில் கார், வந்துபோக விமானச் சீட்டு ஆகியவற்றையும் கிளப்பே தரும். ஏஜென்டுக்கான கட்டணம், வழக்கமாகப் பத்து விழுக்காடு, அதையும் பெரும்பாலும் கிளப்பே செலுத்திவிடும். ஏஜென்ட், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) உரிமம் பெற்றவர்தானா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகு ஊதியம் உறுதி என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘சோதனைக் காலம்’ என்ற ஒரு வரி நடுவில் இருந்தால் அந்த உறுதி வெறும் காகிதம்தான். இன்னொரு வரி இல்லாமல் கையெழுத்திடவே கூடாது: தகராறு எழுந்தால் கூடைப்பந்து நடுவர் மன்றம் தீர்த்துவைக்கும் என்பதே அது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 2007-ல் ஃபீபா ஏற்படுத்திய அந்த மன்றம், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டிருந்தால் மட்டுமே வழக்கை எடுத்துக்கொள்ளும். அதன் தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய முடியாதபடி ஃபீபா தடை விதிக்கலாம். எங்களிடம் ஆடிய ஒருவர், அதற்கு முன்பிருந்த அணியில் தேங்கிப்போன ஊதியத்தை இந்த ஒரு வரியின் பலத்தால்தான் பெற்றார். அந்த அணி இருந்த நாட்டின் நீதிமன்றங்களை அவர் நம்பியிருந்தால், மொழியும் தெரியாமல் செலவும் தாங்காமல் பாதியிலேயே கைவிட்டிருப்பார்.

குடியுரிமை வழியாக இடம் தேடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெற்றோர், பாட்டன் பாட்டி வழியில் ஏதேனும் ஐரோப்பிய நாட்டுக் கடவுச்சீட்டுக்கு அவனுக்கு உரிமை இருந்தால் இப்போதே விண்ணப்பிக்கட்டும். பல லீக்குகளில் வெளிநாட்டவர் கணக்கிலிருந்து அது அவனை விடுவிக்கும். பக்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து லாட்வியாவில் தொடங்கிய ஜே. ஆர். ஹோல்டன், பிறகு ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை ஒரு புள்ளியில் வீழ்த்திய கடைசிக் கூடையைப் போட்டார். ஆனால் அது முன்கூட்டித் திட்டமிடும் விஷயமன்று. நன்றாக ஆடி, ஓரிடத்தில் பல ஆண்டுகள் நிலைத்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு வருகிறது.

மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் ஃபார்வர்டு விஷயத்தில் நான் நேர்மாறாகச் சொல்வேன். 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்றாகி, 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆன பிறகு, இங்கிருந்து இளைஞர்கள் உங்கள் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் இளையோர் அணியைப் பார்த்து நாங்கள் கவலைப்படும் காலம் இது. அவன் பட்டத்தை முடித்துவிட்டு, இன்னும் ஓராண்டு உங்களிடமே வளரட்டும்.

தனிமையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நாம் இருவருமே அதை அறிவோம். பிற்பகலில் பயிற்சி முடிந்த பின் இரவு வரையுள்ள நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரிந்தவன் நிலைக்கிறான். உள்ளூர் மொழியில் நூறு சொற்கள் கற்றுக்கொண்டவனை அணியினர் சீக்கிரம் தங்களவனாக ஏற்கிறார்கள்.

எங்கள் பயிற்சியாளர் அவனைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறார். வாக்குறுதி தரும் நிலையில் நான் இல்லை. கார்டு இடத்துக்கு வேறு இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் அணி தோற்ற ஆட்டங்களில் இரண்டின் முழுப் பதிவையும், கணுக்காலில் அவனுக்கு முன்பு ஏற்பட்ட காயத்தின் மருத்துவ அறிக்கையையும் மே மாத இறுதிக்குள் அனுப்புங்கள். அவனுடைய கடவுச்சீட்டு குறைந்தது இன்னும் ஓராண்டுக்காவது செல்லுபடியாகுமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் இன்னும் முடிவாகவில்லை என்றால், கையெழுத்திடும் முன் அந்த ஒப்பந்த நகலையும் எனக்கு அனுப்பட்டும். வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அணித்தோழன்