தடுப்பூசிக்குப் பின் வருவதை முன்னரே தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 72 வயதான என் தாயார் சிங்கப்பூரில் கொவிட்-19 கூடுதல் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் இரவு, இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருப்பதைக் கண்டு, புற்றுநோய்க் கட்டியோ என்று அஞ்சி விடியும்வரை உறங்கவில்லை. ஊசி போட்ட கையின் பக்கம் நெறி கட்டுவது உடலின் எதிர்ப்பாற்றல் வேலை செய்வதன் அடையாளம் என்பதையும், அது பெரும்பாலும் சில நாள்களில், சிலருக்குச் சில வாரங்களில், தானாகவே வற்றிவிடும் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மருந்தகத்தில் கொடுத்த தாளில் அந்த விவரம் இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. தாயாருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

"முன்பே பல ஊசி போட்டாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்கும் மூத்தோர் பலர். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதாலும், முந்தைய ஊசி தந்த பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதாலும் தடுப்பூசியும் மாற்றப்படுகிறது. 2022இல் தொடக்கக் கிருமியையும் ஓமிக்ரானையும் சேர்த்துக் குறிவைத்த ஊசி வந்தது, 2023இல் எக்ஸ்பிபி.1.5 வகைக்கும், 2024இல் ஜேஎன்.1 வகைக்கும் ஏற்ப அது புதுப்பிக்கப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடும் நோய் வரும் அபாயம் கூடுதல் என்பதால்தான் அவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது.

ஊசி புதிதானாலும் பக்கவிளைவுகள் பெரிதும் பழையவையே. ஊசி போட்ட இடத்தில் வலி, அசதி, தலைவலி, உடல்வலி, மூட்டுவலி, குளிர்நடுக்கம், காய்ச்சல் ஆகியவை ஓரிரு நாள்களில் தோன்றிப் பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள் அடங்கிவிடும். ஓய்வும் தண்ணீரும், தேவைப்பட்டால் பாரசிட்டமாலும் போதும். இந்தக் காய்ச்சலைக் கண்டு "ஊசியே கொரோனாவைக் கொடுத்துவிட்டது" என்று சொல்வோர் உண்டு. தடுப்பூசியில் உயிருள்ள கொரோனாக் கிருமி இல்லை என்பதால் அவ்வாறு நேர வழியே இல்லை.

மிக அரிதாக வரும் இதயத்தசை அழற்சியையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கே, அதுவும் ஊசி போட்ட முதல் வாரத்திற்குள் வருவது அது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு இவற்றில் எது தோன்றினாலும், வயது எதுவானாலும், உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். அரிதானதையும் ஒளிக்காமல் சொன்னவரின் பேச்சைத்தான், "இந்தக் காய்ச்சல் சாதாரணம், பயப்படாதீர்கள்" என்று அவர் சொல்லும்போதும் மக்கள் நம்புவார்கள்.

ஆகவே, ஊசி போட்டபின் மூத்தோரை அமரவைத்துக் கவனிக்கும் நேரத்திலேயே, அடுத்த மூன்று நாள்களில் எதை எதிர்பார்க்கலாம், எப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ்த் தாளாகக் கொடுத்து, வாயாலும் விளக்கும்படி மருந்தகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெறி கட்டும் என்ற வரி அதில் தவறாமல் இடம்பெறவேண்டும். அந்த நெறியைப் புற்றுநோயின் அறிகுறி என்று தவறாக எண்ணிவிடாதிருக்க, மார்பகப் பரிசோதனைக்குச் செல்லவிருக்கும் பெண்கள், அண்மையில் ஊசி போட்டதை அங்கே தெரிவிக்கவேண்டும் என்பதும்தான். தங்கள் நாளிதழும் இந்த விவரங்களை ஒரு கட்டமிட்டு வெளியிட்டால், பல வீடுகளில் அது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டார வாசகி