ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடி வீடுகளைப் பழைய பாணியில் புதுப்பிப்போர் பெருகிவரும் இந்நாளில், தங்கள் நாளிதழின் வீடு, மனைப் பக்கங்கள் தரையின் நிறத்தையும் பூ வேலையையும் விரிவாக எழுதுகின்றன. அந்தத் தரை எப்படி உருவாகிறது, எதனால் கெடுகிறது என்பதை எழுதுவதில்லை. அது தெரியாமல் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

சென்னையில் இரண்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்துக்கு, என் தாயாரின் விருப்பப்படி சென்ற ஆண்டு ஆத்தங்குடிக் கல் எனப்படும் சிமெண்ட் தரை ஓடு பதித்தோம். காரைக்குடிக்கு அருகிலுள்ள அவ்வூரில், கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்த கலவையால் முதுகை நிரப்பி, காய்ந்ததும் நீர்த்தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை என்பதே இல்லை. கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. ஆகவே மேற்பரப்பு முழுவதும் வெறும் சிமெண்ட். அமிலம் பட்டால் அரித்துவிடும். பதித்து முடித்த அன்று, சிந்திய கறையைப் போக்குவதற்காக ஒப்பந்தக்காரரின் ஆட்கள், பீங்கான் டைல்ஸுக்குச் செய்து பழகியபடியே, ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். மாலைக்குள் கூடத்தின் பாதி வெளிறிவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டு நாள்தோறும் துடைத்தும் பழைய மெருகு முழுமையாகத் திரும்பவில்லை. அந்தக் கற்களைக் கையால் வார்த்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இதனால் ஆத்தங்குடிக் கல் உறுதியற்றது என்று ஆகிவிடாது. நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இருப்பதால், நடந்து நடந்து தேய்ந்தாலும் பூ அழியாது. அதே பூவை மேலே அச்சிட்ட பீங்கான் ஓட்டின் விளிம்பு பெயர்ந்தால் உள்ளிருக்கும் வேறு நிறம் தெரிந்துவிடும். ஆனால் புளியும் எலுமிச்சையும் சிந்தும் சமையலறைக்கு, நீரை அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத விட்ரிஃபைட் ஓடே ஏற்றது என்பது என் கருத்து.

மாடி வீட்டில் எடையையும் பார்க்க வேண்டும். பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே கலவை பரப்பிக் கல் பதித்தால், சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் புதிய சுமை ஏறும். குடியிருப்பு அறைகளில் ஆட்களுக்கும் பொருட்களுக்குமாக இந்தியத் தர விதிகள் கணக்கிடும் சுமையே ஏறத்தாழ 200 கிலோதான். எனவே கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. கீழே விரிசலற்ற சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால், அதை மெருகேற்றி வைத்துக்கொள்வதே எல்லாவற்றிலும் நல்லது.

ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர்களிடமும் அதைப் பதித்துப் பழகிய கொத்தனார்களிடமும் நேரில் கேட்டு, பராமரிப்பு முறைகளைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை.