ஜாப் ஷீட்டுல 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்'னு எழுதிட்டா கேஸ் எப்படி நிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாரண்டி இருக்கும்போதே லேப்டாப் ரிப்பேர் ஆகி சர்வீஸ் சென்டருக்கு அலையுற எல்லாருக்காகவும் இதை எழுதுறேன், தயவுசெஞ்சு போடுங்க.

என் பொண்ணு படிப்புக்கு வாங்குன லேப்டாப் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஸ்கிரீன் முழுக்க கோடு கோடா வந்து தானா ஆஃப் ஆயிடும். சர்வீஸ்ல குடுத்தா விண்டோஸை மறுபடி போட்டுட்டு, ஜாப் ஷீட்டுல, அதாவது என்ன குறை, என்ன வேலை பாத்தாங்கன்னு அவங்க எழுதுற தாள்ல, 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' (குறை எதுவும் இல்ல)னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுறாங்க. வீட்டுக்கு வந்தா திரும்பவும் அதே கோடு. மாத்திக் குடுங்கன்னு கேட்டா, கம்பெனி பாலிசியில ரீப்ளேஸ்மென்ட் கிடையாது, சர்வீஸ் மட்டும்தான்ங்கறாங்க.

பாலிசி என்ன வேணா சொல்லட்டும், சட்டம் அப்படிச் சொல்லல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 39-வது பிரிவுப்படி பொருள்ல குறை இருக்குன்னு நிரூபணம் ஆனா சரி பண்ணித் தரச் சொல்லலாம், புதுசு தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடும் போடலாம். நாம குடியிருக்குற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு இல்ல, பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ்கூட கிடையாது. பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள குடுத்துடணும், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணியும் பாக்கலாம்.

ஆனா ஆணையத்துல போய் நின்னா முதல்ல கேக்குறது பேப்பர்தான். நம்ம கையில இருக்குற பேப்பர் எல்லாமே குறையே இல்லன்னு சொன்னா, நாம எதை வச்சு பேசுறது? சோதிச்சுப் பாத்தாதான் தெரியும்னா லேபுக்கு அனுப்புவாங்க, அந்த ஃபீஸை புகார் குடுத்தவங்களையே முதல்ல கட்டச் சொல்லவும் சட்டத்துல இடம் இருக்கு. சாதாரண கேஸை 3 மாசத்துல, டெஸ்ட் இருந்தா 5 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, ஆனா கேஸ் போட்டவங்களைக் கேட்டா எவ்வளவு இழுக்குதுன்னு சொல்லுவாங்க, அதுவரைக்கும் படிக்கிற பிள்ளை எதுல வேலை பாக்கும்? கவுண்டர்ல ஒருத்தர் எழுதுற அந்த ஒரு வரி இத்தனை தூரம் நம்மள அலைய விடுது, எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுது.

அதனால லேப்டாப்பைக் குடுக்கும்போதே நாம சொல்ற குறையை நாம சொன்ன மாதிரியே எழுதச் சொல்லுங்க, 'ஜெனரல் செக்கப்'னு எழுத விடாதீங்க. கோடு வர்றப்போ தேதி தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வைங்க. திரும்ப வாங்கும்போது அங்கயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்க, குறை அப்படியே இருந்தா கையெழுத்துக்குப் பக்கத்துலயே 'குறை சரியாகல'ன்னு எழுதுங்க, எழுத விடலன்னா அன்னிக்கே கம்பெனிக்கு மெயில் போட்டுடுங்க. பில்லையும் ஜாப் ஷீட்டையும் போட்டோ எடுத்து வைங்க, அந்தத் தாள்ல எழுத்து சில சமயம் சீக்கிரமே மங்கிடுது.

குறையை கஸ்டமர் சொன்னபடியே எழுதணும், எந்த பார்ட்டை டெஸ்ட் பண்ணாங்க, என்ன வந்துச்சுன்னு ஜாப் ஷீட்டுல காட்டணும், காப்பி கட்டாயம் குடுக்கணும்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு உத்தரவு போட்டா பாதி பேரோட அலைச்சல் குறையும். இதை உங்க பேப்பர் எடுத்துக் கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்