ஏழு பேரும் கிடைச்சாச்சு, உங்க எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன வியாழக்கிழமை ராத்திரி மேரியும் கிடைச்சுட்டாங்க. என் மாமியாரோட தாத்தாவும் அவர் கூடப்பொறந்தவங்களுமா நான் தேடிட்டிருந்த ஏழு பேர்ல கடைசி ஆள் அவங்கதான். மூணு வருஷமா நான் கேட்டதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னவங்க, நேரங்கெட்ட நேரத்துல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாலும் சலிச்சுக்காம பாத்துச் சொன்னவங்க, எல்லாருக்கும் நன்றி மடல் எழுதணும்னு அன்னிக்கே உக்காந்தேன், அழுகைல எழுத முடியல. ஐரிஷ்காரங்களுக்கும் அமெரிக்காக்காரங்களுக்கும் இங்கிலீஷ்ல தனித்தனியா எழுதி அனுப்பிட்டேன். இது உங்களுக்கு, அவங்க என்னென்ன செஞ்சாங்கன்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும்ல.

புதுசா படிக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் அமெரிக்கர். என் மாமியார் பொறந்தது மொன்டானால பியூட்ங்கற சுரங்க ஊர்ல, இப்போ 83 வயசு. அவங்க தாத்தா திமோத்தி சல்லிவன் அயர்லாந்துல கார்க் கவுன்ட்டி, பேரா தீபகற்பத்தோட மேற்கு ஓரத்துல இருக்கற அல்லிஹீஸ்ல இருந்து வந்தவர். அங்க 1810கள்ல ஆரம்பிச்ச செம்புச் சுரங்கம் 1880கள்ல நின்னுபோச்சு, ஊர்ச்சனம் தெரிஞ்ச தொழிலைத் தேடி அமெரிக்காவுல செம்பு வெட்டற ஊர்களுக்குக் கிளம்பிட்டாங்க, நிறைய பேர் போய்ச் சேர்ந்தது பியூட்டுக்குத்தான். அத்தைக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். தாத்தாவுக்குக் கூடப்பொறந்தவங்க நிறைய பேர். அவருக்குக் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு அனுப்பினது நோரான்னு ஒரு அக்கா. "அந்த நோரா என்ன ஆனாங்கன்னு தெரியாமலே நான் போயிடுவேன் போல"ன்னு ஒருநாள் பாத்திரம் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது இது.

முதல் நன்றி அல்லிஹீஸ்ல இருக்கற அந்தம்மாவுக்கு. நம்மள மாதிரி ஆளுங்க வெளியூர்ல இருந்து எழுதிக் கேட்டா தன் பங்கு (சர்ச் வட்டாரம்) பதிவேடுகள்ல தேடிக் குடுக்கற தன்னார்வலர், ஒரு பைசா வாங்கல. அந்த ஊர்ல சல்லிவன், ஹாரிங்டன்னு ரெண்டு குடும்பப் பேருதான் திரும்பின பக்கமெல்லாம், அதுலயும் ஜான், பேட்ரிக், மைக்கேல்னு அதே பேருங்க. அப்போ எப்படித்தான் யாரு யாருன்னு சொல்லுவீங்கன்னு கேட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, சர்ச் பதிவேட்டுலயே அதைச் சேர்த்து எழுதி வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல இன்னார் வகையறான்னு சொல்றோமே, அச்சு அசல் அதேதான்! எங்க ஆளுங்க 'பான்' வகையறா, ஐரிஷ்ல வெள்ளைன்னு அர்த்தம். அது தெரிஞ்சப்புறம்தான் மத்த சல்லிவன்களை எல்லாம் ஒதுக்க முடிஞ்சுது.

அந்தம்மா செஞ்ச இன்னொரு விஷயத்தை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அயர்லாந்துல 1901, 1911 ரெண்டு சென்சஸ் ஃபாரமும் ஸ்கேன் பண்ணி நேஷனல் ஆர்கைவ்ஸ் இலவசமாவே போட்டிருக்காங்க. (அதுக்கு முந்தின சென்சஸ் தாள் எதுவும் கிட்டத்தட்ட மிஞ்சல. கொஞ்சத்தை அரசாங்கமே அழிச்சிருக்கு, மிச்சம் 1922ல உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ல இருந்த ஆவணக் காப்பகத்தோட சேர்ந்து எரிஞ்சு போச்சு. அந்தத் தீயை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.) 1901ல திமோத்தியோட அப்பா மாதிரி ஒருத்தருக்கு வயசு 57, 1911ல அதே பேர்ல ஒருத்தருக்கு 72. பத்து வருஷத்துல பதினஞ்சு வயசு எப்படிக் கூடும், இது வேற ஆள்னு முடிவு பண்ணி அந்த 1911 ஃபாரத்தையே தூக்கிப் போட்டுட்டேன், எட்டு மாசம் அந்தப் பக்கமே போகல. அந்தம்மாதான் சொன்னாங்க, 1909 ஜனவரில 70 வயசானவங்களுக்கு அரசாங்கம் பென்ஷன் குடுக்க ஆரம்பிச்சுது, பொறப்பு சர்டிபிகேட் இல்லாத தலைமுறை, வயசு சரியாத் தெரியாதவங்களும் உண்டு, வேணும்னே கூட்டிச் சொன்னவங்களும் உண்டு, அதனால அந்த பத்து வருஷத்துல ஊர் முழுக்க வயசு எகிறியிருக்கும், ஒரே ஆள்தான்மா, போய் மறுபடி பாருங்கன்னு.

போய்ப் பாத்தேன். அந்த 1911 ஃபாரத்துல கல்யாணமான பொம்பளைங்களுக்கு ஒரு கேள்வி உண்டு, மொத்தம் எத்தனை குழந்தை பொறந்துச்சு, அதுல எத்தனை உயிரோட இருக்குன்னு. அம்மா பேருக்கு நேரா பொறந்தது 9, இருக்கறது 7. வீட்டுல அப்போ இருந்தது கடைக்குட்டி பிரிட்ஜெட் ஒருத்திதான். மத்த ஆறு பேரும் வேற எங்கயோ உயிரோட இருக்காங்கன்னு பெத்தவங்க கணக்கு வச்சிருந்திருக்காங்க. மொழிங்கற கட்டத்துல ஐரிஷும் இங்கிலீஷும்னு இருந்துச்சு. அடில அப்பா கையெழுத்துப் போடற இடத்துல ஒரு பெருக்கல் குறி, எழுதத் தெரியாதவர். மை கொஞ்சம் இழுபட்டு ஒரு கால் மட்டும் நீளமா இருந்துச்சு. ஜூம் பண்ணி அத்தைகிட்ட காமிச்சேன், விரலால அந்தக் குறியைத் தொட்டுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.

ஏழு பேர்னு தெரிஞ்சாச்சு, இனி பேரு தெரியணும். அல்லிஹீஸ் பங்கோட ஞானஸ்நானப் பதிவேடு அயர்லாந்து தேசிய நூலகம் 2015ல ஆன்லைன்ல போட்டதுலயே இருக்கு, ஆனா மைக்ரோஃபிலிம்ல இருந்து எடுத்தது, மங்கல், பாதி லத்தீன். இங்கதான் எங்க ஊர் ஃபாதர். எனக்குப் புதுநன்மை குடுத்தவர், இப்போ ஓய்வுல இருக்கார், கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் வச்சுக்கிட்டு தினம் ஒரு பக்கம்னு நாலு மாசம் படிச்சுக் குடுத்தார். திமோத்திங்கற பேரே இல்லையேன்னு நான் உடைஞ்சு போயிருந்தப்போ, "இங்க ததேயுஸ்னு ஒரு பையன் இருக்கானேம்மா, அதே அப்பா, அதே அம்மா"ன்னார். அல்லிஹீஸ் அம்மாகிட்ட கேட்டா, டைக்ங்கற ஐரிஷ் பேரை சர்ச்சுல ததேயுஸ்னும் இங்கிலீஷ்ல திமோத்தின்னும் எழுதறது அங்க வழக்கம்தான்னாங்க. யூதா ததேயு கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டு வளர்ந்தவ நான், அந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்குங்க. ஃபாதர், உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேருன்னு அவங்க வைக்கற முறையைச் சொன்னதும், "பேரன்னா பேரை உடையவன்தானே, நம்ம முறைதானே"ன்னு சொல்லி, அதை வச்சு ரெண்டு குடும்பத்துல எது நம்ம குடும்பம்னு பிரிச்சுக் குடுத்ததும் அவர்தான். கல்யாண ரெக்கார்டுல ரெண்டு பக்கத்து அப்பா பேரும் இருந்துச்சு, ஜான், பேட்ரிக். பிள்ளைங்கள்ல முதல் ரெண்டு பேரும் ஜான், பேட்ரிக். அப்புறம் ஹனோரா, அவங்கதான் நம்ம நோரா, அப்புறம் திமோத்தி, மேரி, மைக்கேல், பிரிட்ஜெட்.

பியூட் ஆவணக் காப்பகத்துல இருக்கற தன்னார்வலர்களுக்கு. அந்த ஊர் டைரக்டரியைத் திறந்தா சல்லிவனே பக்கம் பக்கமாப் போகும். நீங்க பேரை விட்டுட்டு விலாசத்தைப் பிடிச்சீங்க. திமோத்தி இருந்த அதே வீட்டு நம்பர்ல 1900 சென்சஸ்ல ஒரு போர்டிங் ஹவுஸ், நடத்தறவங்க ஹனோரா, புருஷன் பேர் சேர்ந்ததால சல்லிவன் இல்ல. சாப்பாட்டுக்கு இருந்தவங்க பன்னண்டு பேர், எல்லாரும் சுரங்கத் தொழிலாளி, எல்லாரும் அயர்லாந்து. அதுல ஒருத்தர் எங்க தாத்தா, தம்பின்னு எழுதாம போர்டர்னு (தங்கிச் சாப்பிடறவர்னு) எழுதினதால யார் கண்ணுலயும் படல. கல்யாண ரெக்கார்டுல நோராவோட அப்பா அம்மா பேரும் பொருந்திச்சு. மூத்தவர் ஜானும் அதே ஊர்லதான் செத்தாரு, பாறைத்தூசி நுரையீரலை அடைச்சு, 44 வயசு. கல்யாணம் ஆகல. அவர் கல்லறைல கல்லு இல்ல, இடத்தை மட்டும் நீங்க அளந்து ஒரு சின்னக் கொடி நட்டு ஃபோட்டோ அனுப்பினீங்க, அதுக்கு என்ன கைம்மாறு செய்யப்போறோம்.

மைக்கேல் போனது மிஷிகன்ல ஹேன்காக், அதுவும் செம்பு ஊர்தான். அவர் பேத்திதான் அத்தையோட டிஎன்ஏ டெஸ்ட்ல 214 சென்டிமார்கன்னு (ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கற டிஎன்ஏவோட அளவு) வந்து நின்னாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி இல்ல, அதுக்கும் ஒரு தலைமுறை மேல. இப்போ வாரம் தவறாம ஃபோன் பேசிக்கறாங்க.

கார்க்ல வேலை பாக்கற தம்பிக்கும் அவர் மனைவிக்கும். முகம் கூடப் பாத்ததில்ல, ஊர் மதுரைப் பக்கம்னு மட்டும் தெரியும். பிரிட்ஜெட் கல்யாணமாகி அங்கயே இருந்தாங்கன்னு தெரிஞ்சதும், ஒரு ஞாயித்துக்கிழமை கைக்குழந்தையோட மூணு மணி நேரம் மழைல கார் ஓட்டிக்கிட்டு போயிருக்காங்க. பிரிட்ஜெட்டோட கல்லறைக் கல்லு மேல பாசி படிஞ்சு எழுத்தே தெரியல. சுரண்டினா கல்லு போயிடும்னு கைய வைக்காம, அவர் குடையைப் பிடிக்க, தங்கச்சி ஃபோன் டார்ச்சை கல்லோட பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு, நிழல்ல எழுத்து எழும்பி வர்ற மாதிரி இருபத்தி ரெண்டு ஃபோட்டோ எடுத்தாங்க. பதினாறாவது ஃபோட்டோல பேரு முழுசா இருந்துச்சு. பேட்ரிக் வழிப் பேரப்பிள்ளைங்க பக்கத்து மேட்டுலயே இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இவங்களைக் கூட்டிட்டுப் போய் டீ குடுத்து அனுப்பியிருக்காங்க.

இதுக்கு நடுவுல ஒருத்தர் காசு வாங்கிட்டு ஒரு வம்ச மரம் போட்டுக் குடுத்தார், மேரி பாஸ்டன்ல கல்யாணம் பண்ணி நாலு பிள்ளைன்னு. ஆதாரம் ஒண்ணுமில்ல, ஆன்லைன்ல ஒருத்தர் போட்டதை அடுத்தவர் காப்பி அடிச்சது. தயவுசெஞ்சு யாரும் ரெக்கார்டு பாக்காம எதையும் சேர்க்காதீங்க, செத்தவங்களுக்கு அது நாம செய்யற மரியாதை.

உண்மைல மேரியைக் கண்டுபிடிச்சது எங்கம்மா. தூத்துக்குடில உக்காந்துக்கிட்டு. கல்யாணமும் இல்ல சாவும் இல்ல சென்சஸும் இல்லம்மான்னு நான் ஃபோன்ல புலம்பினதுக்கு, "ஏட்டி, இத்தன புள்ளைல ஒண்ணு மடத்துக்குப் போகாமலா இருக்கும், பேரை மாத்தியிருப்பாவ. உங்க பெரியத்தைய வீட்டுப் பேரச் சொல்லித் தேடுனா எவனுக்குக் கிடைக்கும்"னாங்க. அந்தக் காலத்துல அயர்லாந்துல இருந்து பொண்ணுங்களை அமெரிக்க மடங்களுக்கு நிறைய கூட்டிட்டுப் போயிருக்காங்க. மேற்குப் பக்கத்துல இருக்கற மடங்களுக்கு ஒண்ணொண்ணா எழுதினேன், பதினோராவது கடிதத்துக்கு கலிபோர்னியால இருந்து ஒரு சிஸ்டர் பதில் போட்டாங்க. வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) குடுத்தவங்க பதிவேட்டுல ஞானஸ்நானப் பேரு, அப்பா அம்மா பேரு, பங்கு அல்லிஹீஸ், எல்லாம் தெளிவா இருக்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்க. சிஸ்டர், அந்தப் பக்கத்தோட ஃபோட்டோவை அத்தை பைபிளுக்குள்ள வச்சிருக்காங்க.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கம்மா ஏழு பேருக்கும் தூத்துக்குடில பூசைக்குக் குடுக்கறாங்க. பேரெல்லாம் வாட்சப்ல கேட்டு வாங்கி எழுதிக்கிட்டாங்க. தாத்தாவுக்கு மட்டும் ததேயுன்னு எழுதவா திமொத்தேயுன்னு எழுதவான்னு கேட்டாங்க, ரெண்டையும் எழுதச் சொன்னேன்.