அறுபதைத் தாண்டிய எஸ்.பி.

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதான நாயகர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், சரத்குமார் ‘போர் தொழில்’ மாதிரியான படங்களுக்கு வந்ததை மார்க்கெட் போனவரின் ஒதுங்கலாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேலூரில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ், ஸ்டேஷனில் கேஸ் பேப்பர் எழுதும் ரைட்டராகவே கழிந்தது.

1990 பொங்கலுக்குப் ‘புலன் விசாரணை’ வந்தபோது எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். விஜயகாந்துக்கு விசிலடிக்கப் போன நாங்கள், திரும்பும் வழியெல்லாம் வில்லனாக வந்த சரத்குமாரின் உடம்பைப் பற்றித்தான் பேசினோம். அப்புறம் ‘நாட்டாமை’, ‘சூரியவம்சம்’ என்று அவர் எங்கேயோ போய்விட்டார். அந்தக் காலப் போலீஸ் படங்களில் யார் நடித்தாலும் சரி, ஒரு குத்துக்குப் பத்துப் பேர் பறப்பார்கள், கேஸ் முடிந்துவிடும். சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் மகஜரை எழுதியது யார், சாட்சிக் கையெழுத்து வாங்கியது யார் என்று எனக்கு மட்டும்தான் கவலை.

2023 ஜூனில், வேலூர் வெயிலுக்குப் பயந்துதான் ‘போர் தொழில்’ பார்க்க உள்ளே போனேன். எஸ்.பி. லோகநாதனாக அவர் முறைத்துக்கொண்டு நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புத்தகப் படிப்போடு வரும் இளம் டி.எஸ்.பி.யிடம் அவர் காட்டும் சிடுசிடுப்பு எனக்குப் பழக்கமானது. பரீட்சை எழுதி நேரடியாகப் புதிதாக வந்த டைரக்ட் எஸ்.ஐ. மடமடவென்று சட்ட செக்‌ஷன் ஒப்பிக்கும்போது, எங்கள் இன்ஸ்பெக்டர் ஒருவர் பதிலே பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஸ்டேஷனே கப்சிப் ஆகிவிடும். அந்த மௌனத்தை இருபத்தைந்து வயதுப் பையன் எவ்வளவு நன்றாக நடித்தாலும் கொண்டுவர முடியாது. சரத்குமாரிடம் எப்போதும் ஒரு விறைப்பு உண்டு. டூயட்டுகளில் இடைஞ்சலாக இருந்த அதே விறைப்புதான் இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

அதே வருடம் வந்த ‘பரம்பொருள்’ எனக்கு முழுசாக ஒட்டவில்லை. ஆனாலும் நாட்டாமையாகத் தீர்ப்புச் சொன்னவர், சிலையை விற்றுக் காசு பார்க்கத் துடிக்கும் போலீஸ்காரராக வரச் சம்மதித்தாரே! 150வது படம் என்றால் மாலை, கட்-அவுட், மாஸ் என்றுதான் நினைப்போம். அவருடைய 150வது படமான ‘தி ஸ்மைல் மேன்’ (2024), ஞாபகம் நழுவிக்கொண்டே போகும் ஒரு அதிகாரியின் கதை. எனக்கும் இப்போது பழைய கேஸ் நம்பர்கள் மறக்கின்றன. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. என்னை 58 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், இப்போது 60 ஆக்கியிருக்கிறார்கள். ‘போர் தொழில்’ வந்தபோது அவருக்கு 68. அந்த வயதில் எஸ்.பி.யா என்று கேட்டால், “சினிமாவைச் சினிமாவா பாருங்க” என்கிறாள் என் மனைவி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ‘போர் தொழில்’ படத்தில் கொலை செய்தது யார் என்பதைக் கட்டுரையின் நான்காவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். காட்பாடியில் இருக்கும் என் மைத்துனர் இன்னும் படம் பார்க்கவில்லை. இதழை அவருக்குக் கொடுத்தது நான்தான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏட்டு,
சத்துவாச்சாரி, வேலூர்.